நண்டின் மூடி

2014 மார்ச் 15, சனிக்கிழமை. கானா நாட்டின் அக்ராவை அடுத்த தேஷி கடற்கரையூரில், மீன்பிடித் தொழிலை விட்டிருந்த நோர்ட்டே என்ற முதியவர் நண்டு வடிவச் சவப்பெட்டியில் அடக்கம் செய்யப்பட்டார்.

பெட்டியைச் செய்தவன் நான். முதலில் மரத்தைப் பற்றிச் சொல்கிறேன் ஐயா, நீங்கள் அதைத்தான் முதலில் கேட்டீர்கள். மண்ணுக்குள் போகிற பெட்டிக்கு எங்கள் ஊரில் வாவா மரம்தான். இலேசாக இருக்கும், உளி சொன்னபடி கேட்கும், கரையானுக்கும் பிடிக்கும். கப்பலேறி வெளிநாட்டுக் காட்சிக்கூடத்துக்குப் போகிற பெட்டிக்கு மஹோகனி. வாவா அந்தக் குளிரில் பிளந்துவிடும். வெளியே பார்த்தால் இரண்டும் ஒரே வெங்காய வடிவம், ஒரே விமான வடிவம், ஒரே சாயம். பலகையைத் தட்டிப் பார்த்தால் அது பூமிக்குள் போகிறதா, கண்ணாடிக்குள் போகிறதா என்று எந்தத் தச்சனும் சொல்லிவிடுவான்.

நோர்ட்டேயின் நண்டை நான் மஹோகனியில் செய்தேன். அந்தச் சமயம் என்னிடம் அந்தப் பலகை இருந்தது. அதைத் தவிர வேறு காரணம் இல்லை.

அதற்கு முன்னால் நான் ஒக்காயின் பட்டறையில் வேலை பார்த்தேன். அக்ரா சாலையைப் பார்த்தாற்போல இருக்கும் பெரிய பட்டறை அது. மாடியில் பெட்டிகளை வரிசையாக வைத்திருப்பார்கள், போகிற வருகிற பஸ்ஸெல்லாம் வேகத்தைக் குறைக்கும். ஒக்காய் கெட்டவன் இல்லை. நன்றாகப் பேசுவான், வெள்ளைச் சட்டை போடுவான், புகைப்படத்துக்குச் சிரிக்கத் தெரியும். நான் பின்கட்டில் செதுக்குவேன். முடிந்ததும் அவன் முன்னால் வந்து அதன்மேல் கை வைத்துக்கொண்டு நிற்பான். ஐரோப்பாவில் ஒரு நகரத்தில் கண்ணாடிக்குள் ஒரு வெங்காயம் இருக்கிறது. அதன் ஒவ்வொரு தோலும் என் கையில் பிரிந்தது. கீழே ஒக்காயின் பெயர். அந்தப் படத்தை அவனேதான் கொண்டுவந்து காட்டினான். "பாருடா சோவா, நம்ம வெங்காயம் எங்க போய் உக்காந்திருக்குன்னு," என்றான். நம்ம என்றுதான் சொன்னான். அதனால் சண்டை போடவும் முடியவில்லை.

நான் விலகிவந்து, கடலுக்கு இறங்கும் சந்தில் சொந்தமாக ஒரு கொட்டகை போட்டேன். சந்துக்குள் வெளிநாட்டுக்காரர் யாரும் வரமாட்டார்கள். ஊர்க்காரர்கள் வந்தார்கள். ஊர்க்காரர்களுக்குச் செய்கிற பெட்டியின் ஆயுள் ஒரு சனிக்கிழமை காலை. வெயிலேறும்போது வெளியே வரும், ஊரே வாயைப் பிளந்து பார்க்கும், பொழுது சாய்வதற்குள் மண்ணுக்குள் போய்விடும். ஒரு மிளகாய்ப் பெட்டி செய்தேன், காம்பின் வளைவு மட்டும் என்னைத் தூங்க விடவில்லை, அப்படி அமைந்தது. அதன்மேல் மண் விழுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நான் கூட்டத்தில் நின்றேன். இறந்தவளின் அண்ணன் என் தோளைத் தட்டி, "நல்லா செஞ்சே தம்பி," என்றான். மறுவாரம் அவனுக்கு என் பெயர் ஞாபகம் இல்லை.

நோர்ட்டே வந்தது அப்போதுதான். வாலிபத்தில் படகு ஒன்று இடுப்பின்மேல் சாய்ந்ததால் அவர் ஒருபக்கமாக நடப்பார். ஊரில் அவருக்கு நண்டு என்றுதான் பெயர். என் கொட்டகைக்குள்ளும் பக்கவாட்டில்தான் நுழைந்தார்.

"டேய் தச்சா, எனக்கு ஒரு நண்டு வேணும்."

"கோபமில்லையா பெரியப்பா? ஊர்ல எல்லாரும் கேலி பண்ற பேரு ஆச்சே."

"அதான் வேணும்கறேன். உசிரோட இருக்கறப்ப நான் நடக்கறதப் பாத்து இவனுங்க சிரிச்சானுங்க. செத்த பெறகு இவனுங்க என்னைத் தூக்கிட்டு அதே மாதிரி நடக்கட்டும். அப்ப யாரு யாரப் பாத்துச் சிரிக்கறதுன்னு பாத்துக்கலாம்."

எங்கள் ஊரில் பெட்டியைத் தூக்குகிறவர்கள் நேராக நடக்கமாட்டார்கள். உள்ளே இருப்பவர் இழுக்கிற பக்கம் ஓடுவார்கள், திரும்புவார்கள், பிடித்த வீட்டு வாசலில் நின்று ஆடுவார்கள். நண்டைப் பக்கவாட்டில்தான் கொண்டுபோக முடியும். அவர் அதை எல்லாம் யோசித்துத்தான் வந்திருந்தார்.

வேலை நடந்த மாதங்களில் அவர் அடிக்கடி வருவார். செவ்வாய்க்கிழமை தவறாது, அன்று கடல் தெய்வத்தின் நாள், யாரும் கடலுக்குப் போகக்கூடாது, எல்லாரும் வலை பின்னுவதில் இருப்பார்கள், பேச்சுத்துணைக்கு அவருக்கு ஆளிருக்காது என்று நினைக்கிறேன். கென்கே என்கிற சோளமாவு உருண்டையும் பொரித்த மீனும் வாங்கிவந்து பாதியை எனக்கு வைப்பார். பிறகு குறை சொல்ல ஆரம்பிப்பார். விரல் முட்டியால் ஓட்டைத் தட்டி, "என்னடா இது, கரையானுக்குப் பல்லு உடைஞ்சிருமே," என்றார் ஒருநாள். மரத்தைக் கண்டுபிடித்துவிட்டார். நான் சிரித்துச் சமாளித்தேன். இன்னொரு நாள், "இடது பக்கம் கடைசிக் காலு தடிமனா இருக்கு. அது நண்டுக் காலு இல்லை, ஒங்க அத்தை காலு." வலது கொடுக்கு பெரியதாகவும் இடது கொடுக்கு சிறியதாகவும் இருக்க வேண்டும் என்றார். எங்கள் கரை மணலில் வளை தோண்டுகிற நண்டுக்கு அப்படித்தான். அவர் சொன்னதில் பெரும்பாலும் சரியாகத்தான் இருந்தது. இதை நான் மறைக்கவில்லை.

மூடியைப் பற்றி ஒரு வார்த்தை. நண்டின் முதுகோடுதான் மூடி. ஆணி இல்லை, கீல் இல்லை. விளிம்பு விளிம்பைத் தேடிப் போய் உட்காரும்படி இழைத்திருந்தேன். மேலிருந்து விட்டால் தானாக இறங்கும், காற்று வெளியேறும்போது ஒரு பெருமூச்சுச் சத்தம் கேட்கும். அப்படி ஒரு பொருத்தம் அதற்கு முன் எனக்கு அமைந்ததில்லை.

அந்த வருஷம் ஒக்காயைப் பார்க்க வந்த ஐரோப்பிய அம்மாள் ஒருத்தி வழிதவறிச் சந்துக்குள் வந்தாள். ஒரு காட்சிக்கூடத்துக்காக வாங்குகிறவள். நண்டைச் சுற்றிச் சுற்றி வந்தாள். ஒக்காயிடம் இருப்பதெல்லாம் தங்கள் காட்சிக்கூடங்களுக்காகச் செய்தவை என்றாள். ஒரு மனிதனுக்காகச் செய்தது, அவன் கேட்டுச் செய்தது, அதுதான் வேண்டும் என்றாள். என் பெயரைக் கேட்டு இரண்டு முறை சொல்லிப் பார்த்தாள். உரியவரின் சம்மதம் வேண்டும், அடுத்த ஏப்ரலில் திரும்ப வருவேன் என்று சொல்லிவிட்டுப் படம் எடுத்துக்கொண்டு போனாள்.

நான் நோர்ட்டேயிடம் கேட்டேன். இன்னொன்று செய்து தருகிறேன் என்றேன்.

"அப்ப இது?"

"இது கண்ணாடிக்குள்ள இருக்கும் பெரியப்பா. உலகமே பாக்கும்."

"என்னைத் தேஷி பாத்தாப் போதும். என் வீட்ட வித்துட்டு என்னை வாடகைக்கு வைக்கப் பாக்கறியாடா?"

அதோடு முடிந்தது. உயிரோடு இருப்பவனின் பெட்டியை அவன் சம்மதம் இல்லாமல் விற்றால் அந்தத் தச்சனிடம் ஊரில் ஒரு மனிதனும் வரமாட்டான். இரண்டாவது நண்டு செய்திருக்கலாமே என்கிறீர்கள். இரண்டாவது நண்டு முதல் நண்டைப் பார்த்துச் செய்ததாக இருக்கும். தச்சுவேலை தெரியாதவர்களுக்கு இதை விளக்குவது கஷ்டம்.

நோர்ட்டேயின் மகள் கோர்கோர் ஒரு கண்டிப்பான சபையில் சேர்ந்திருந்தாள். இந்த மாதிரிப் பெட்டிகளை அந்தச் சபையின் போதகர் பிசாசின் பொம்மை என்பார், வாசலுக்குள் விடமாட்டார். அவள் ஒருமுறை அப்பாவைத் தேடி வந்தவள் நண்டைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"சோவா அண்ணே, எங்கப்பா போற அன்னிக்கு வெள்ளைப் பெட்டிதான். இந்தப் பிசாசு எங்க சபைப் படி ஏறாது."

"அப்ப இதை என்னம்மா பண்றது?"

"நீயே வச்சுக்கோ."

நீயே வச்சுக்கோ. சாட்சிக்கு நோர்ட்டேயே இருந்தார், மீன் முள்ளைத் துப்பிக்கொண்டு சிரித்தார். அந்த வார்த்தை எனக்குக் கொடுக்கப்பட்டது என்பதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். நான் திருடவில்லை. பெட்டி எனக்கு வந்து சேரத்தான் இருந்தது. இடையில் ஒரே ஒரு தாமதம் இருந்தது.

அன்றும் செவ்வாய்க்கிழமை. பிப்ரவரி வெயில். தோள் அகலம் சரியாக இருக்கிறதா என்று படுத்துப் பார்க்கச் சொன்னேன். பெட்டியை முன்கூட்டியே செய்துகொள்கிறவர்களை எல்லாம் படுக்கச் சொல்வது வழக்கம். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு ஏறிப் படுத்தார். மார்பில் கை வைத்துக்கொண்டார்.

"அம்மா மடி மாதிரி இருக்குடா. மூடிப் பாரு, எவ்வளவு இருட்டுன்னு பாக்கணும்."

அவர் கேட்டுத்தான் மூடினேன். ஓடு பெருமூச்சு விட்டு உட்கார்ந்தது. பசை காயும்போது மேலே பாரத்துக்கு வைக்கிற கட்டைகள் பக்கத்தில் கிடந்தன. அவற்றை எடுத்து வைத்தேன்.

முதலில் சிரித்தார். பிறகு, "சரிடா, தொற," என்றார். பிறகு தட்டினார். சவப்பெட்டிப் பட்டறையில் தட்டுகிற சத்தம் கேட்டால் சந்தில் யார் திரும்பிப் பார்ப்பார்கள்? வலைக்காரப் பெண் ஒருத்தி தலையில் கூடையோடு போனாள். "வேலை மும்முரமா சோவா?" என்றாள். ஆமாம் என்றேன். இடது பக்கக் கடைசிக் காலில் உப்புத்தாள் போட ஆரம்பித்தேன். அவர் சொன்னது சரி, அது கொஞ்சம் தடிமன்தான். உள்ளிருந்து வந்த அதிர்வு காலின் நுனிவரை கையில் தெரிந்தது. இணைப்புகள் எவ்வளவு இறுக்கம் என்று அப்போதுதான் எனக்கே புரிந்தது. கால் மெலிந்து சரியான அளவுக்கு வந்தபோது சத்தம் நின்று வெகுநேரமாகியிருந்தது.

அவரை வெளியே எடுத்துப் பாயில் கிடத்தினேன். கண்ணை மூடிவிட்டேன். விரல்களில் சிராய்ப்பு இருந்தது, மீனவன் கையில் அதை யார் பார்க்கப் போகிறார்கள். சாப்பிட்டுவிட்டுத் தூங்கினார், எழுப்பினேன், எழுந்திருக்கவில்லை என்று சொன்னேன். கோர்கோர் என் காலடியில் உட்கார்ந்து அழுதாள். உடலைப் பிணவறைக் குளிர்பெட்டியில் வைத்தார்கள். நான் நண்டின்மேல் துணி போர்த்திவிட்டு ஏப்ரலுக்காகக் காத்திருந்தேன். அவ்வளவு நிம்மதியான நாட்கள் எனக்கு வாய்த்ததில்லை.

அடக்கத்துக்கு முந்தைய புதன்கிழமை கோர்கோர் நான்கு ஆட்களோடு வந்தாள்.

"அண்ணே, நண்டைக் குடுங்க."

"வெள்ளைப் பெட்டின்னு சொன்னியேம்மா."

"சபையை விட்டு வந்துட்டேன். போதகர் முடியாதுன்னாரு, நானும் முடியாதுன்னுட்டேன். எங்கப்பா கடைசியா கேட்டது இது ஒண்ணுதான்."

"என்னையே வச்சுக்கச் சொன்னே."

"கோவத்துல சொன்னதண்ணே, அதைப் போய்ப் பெருசா எடுத்துக்கிட்டு." என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். "எங்கப்பா கடைசியாக் கண்ண மூடினது உங்க கிட்ட. நீங்க எனக்குக் கூடப் பொறந்தவரு மாதிரி."

இப்படிப் பேசுகிறவளிடம் நான் என்ன சொல்ல முடியும்? கொடுத்த வார்த்தையைக் காப்பாற்றாதவர்களோடு வாழ்வது எவ்வளவு அலுப்பு என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

சனிக்கிழமை நண்டைத் தூக்கிக்கொண்டு பக்கவாட்டில் ஓடினார்கள். ஒருவன் காலில் ஒருவன் மிதித்து, சுவரில் மோதி, திரும்ப ஓடினார்கள். தேஷி முழுக்கச் சிரித்தது, சிரித்துக்கொண்டே அழுதது. "நண்டு போறாருடோய், வழிவிடுங்க," என்று கத்தினார்கள். வெயிலில் பெரிய கொடுக்கு மின்னியது. யாரும் என்னைப் பார்க்கவில்லை. பிறகு மண்.

ஏப்ரலில் அந்த அம்மாள் வந்தாள். வெறும் கொட்டகையைப் பார்த்தாள், வருத்தம் தெரிவித்தாள், ஒக்காயிடம் போனாள். அவள் எடுத்த படத்தைப் பார்த்து ஒக்காய் ஒரு நண்டு செய்து கொடுத்தான். ஒரு மனிதனுக்காகச் செய்தது என்று அவளிடம் என்ன கதை சொன்னானோ தெரியாது. அடுத்த வருஷம் அது கண்ணாடிக்குள் நிற்கிற படத்தை எனக்குக் காட்டினான். இரண்டு கொடுக்கும் ஒரே அளவு. ஐயா, இரண்டு கொடுக்கும் ஒரே அளவு. அதை ஆயிரம் பேர் பார்த்துவிட்டுப் போகிறார்கள், ஒருவருக்கும் தெரியவில்லை.

மறுநாள் காலை நான் இந்தக் காவல் நிலையத்துக்கு வந்தேன். நோர்ட்டேயைக் கொன்றேன் என்று சொன்னேன். உங்களுக்கு முன்னால் இங்கே இருந்த அதிகாரி, "போய்ப் படுய்யா, வெயில் தலைக்கேறிடுச்சு," என்றார். மூடியின் உட்பக்கத்தில் நகக்கீறல் இருக்கும், பெட்டியைத் தோண்டி எடுத்தால் தெரியும் என்றேன். மறுபடி மறுபடி வந்து சொன்னேன். மஹோகனி என்பதால் கெட்டிருக்காது, ஆனாலும் கடல் மணலில் ஈரம் அதிகம், சீக்கிரம் எடுப்பது நல்லது என்றும் சொன்னேன். நீங்கள்தான் காதுகொடுத்தீர்கள். மனசாட்சி உறுத்தியதா என்று கேட்டீர்கள். ஆமாம் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

நீதிமன்ற உத்தரவு வாங்கித் தோண்டினீர்கள். கோர்கோர் வந்திருந்தாள், என் முகத்தைப் பார்க்கவில்லை. நண்டு முழுசாக வெளியே வந்தது. ஒரு காலில் மட்டும் சாயம் உரிந்திருந்தது. ஈரத்தில் இறுகியிருந்த மூடியைத் தூக்க மூன்று பேர் வேண்டியிருந்தது. கீறல்கள் இருந்தன. உடலை ஒரு வெள்ளைப் பெட்டிக்கு மாற்றி மறுபடி புதைத்தார்கள். நண்டைக் கழுவித் துடைத்து நீதிமன்றச் சான்றுப்பொருள் அறையில் வைத்தார்கள்.

நேற்று அதை அடையாளம் காட்ட என்னை அங்கே கூட்டிப்போனீர்கள். நல்ல அறை, ஈரமில்லை, ஜன்னல் வெளிச்சம் சரியான பக்கத்திலிருந்து விழுகிறது. பெரிய கொடுக்கில் ஓர் அட்டை கட்டியிருந்தது. காவலர் எழுத்து, திருத்தமாக இருந்தது. சான்றுப்பொருள் ஒன்று. நண்டு, மஹோகனி. செய்தவர்: சோவா அனாங், தேஷி.

நோர்ட்டேயின் பெயருக்கு அட்டையில் இடம் போதவில்லை என்று காவலர் சொன்னார். பரவாயில்லை என்றேன்.