ரஷ்யாவுக்குத் துக்கம் கேட்கப் போகணும்

இத்தலாரிலிருந்து ஊட்டிக்கு வரும் பஸ்ஸில் என் முன்சீட்டில் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். சொந்தமாகக் கொஞ்சம் தேயிலைத் தோட்டம் வைத்திருப்பவர்கள். அடுத்தவர் பேச்சில் தலையிடும் வழக்கம் எனக்கில்லை. காது மட்டும் நன்றாகக் கேட்கும்.

“ஏனுங்கக்கா, ஃபேக்டரியில இந்த வாரமும் கொழுந்து வேண்டாம்னுட்டாங்களா?”

“ஆமா. ரஷ்யாவுக்குப் போற டீத்தூளு குடோன்லயே கெடக்குதாம். அங்க சண்டையாம்.”

“அவங்க நமக்கு சிநேகமான நாடுதானுங்களே?”

“சிநேகந்தான். அதனாலதான் சொல்றேன், நாம போயித் துக்கம் கேக்கணும்.”

சின்னவள் சிரித்துவிட்டாள். “பாஸ்போர்ட்டு எடுங்க, நானும் வர்றேன்.”

பெரியவள் சிரிக்கவில்லை.

“எழவு ஊட்டுல அடுப்புப் பத்த வைக்கமாட்டாங்க. பக்கத்து ஊட்டுலருந்துதான் டீ போகும். எம்பையன் போனப்ப மூணு நாளும் நீதான கொண்டாந்து குடுத்தே? அங்கயும் எத்தனை அம்மாக்காரிக இருப்பாளுக. டீயி இங்க குடோன்ல கெடக்குது.”

சின்னவள் மெதுவாகக் கேட்டாள்.

“நேத்துப் பறிச்சத என்னக்கா பண்ணுனீங்க?”

“செடிக்கடியிலயே கொட்டிட்டேன். கொட்டறப்ப நல்லா வாசமா இருந்துச்சு.”