‘விடு’ன்னு சொன்னது யாரை?

திருப்போரூரில் பஸ் ஏறிய இருவர் எனக்கு முன் இருக்கையில் உட்கார்ந்தார்கள். ஒருவருக்கு நகமெல்லாம் கிரீஸ் கறை. மற்றவர் மடியில் சாப்பாட்டுப் பை.

“ஒரே வார்த்தைல பிரேக்கு போச்சு மச்சான்,” என்றார் கறை நகக்காரர்.

“இன்னா வார்த்தை?”

“‘விடு’.”

நான் பேப்பரை மடித்து வைத்துவிட்டேன்.

“கடல் காத்துல காரோட பிரேக் பைப்பு துருப்பிடிச்சிப் போச்சு. ஸ்டாண்டு குடுத்து நிறுத்தி, வூட்லயே புதுசு மாத்திட்டேன். அப்புறம் பைப்புல கீற காத்த எடுக்கணுமே. வூட்டுக்காரி சீட்ல குந்திகினு பெடல மிதிச்சிப் புடிச்சிக்கணும். நான் கீழ படுத்து, காத்து வெளிய போற நிப்பிள தொறந்து மூடிட்டு, ‘விடு’ன்னாதான் காலை எடுக்கணும்.”

“கரெக்டு.”

“நிப்பிளு தொறந்து கீது. பக்கத்து வூட்டுக்காரரு வந்து, உங்க ஆடு எங்க செடியத் துன்னுடுச்சின்னு கத்திகினு கீறாரு. நான் கீழ படுத்துகினே, ‘விடு அண்ணாத்த, விடு’ன்னேன்.”

“உன் வூட்டுக்காரி பெடல்லேர்ந்து காலை எடுத்துட்டாங்களா?”

“பொசுக்குன்னு. எடுத்த காத்தெல்லாம் திரும்ப உள்ள பூந்துச்சு. மறுபடி மொதல்லேர்ந்து.”

“இப்ப எப்டி கீது?”

“மிதிச்சா கல்லு மாதிரி நிக்குது.”

“அப்ப ஏன் பஸ்ல வர்ற?”

கறை நகக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“மெக்கானிக்கு பாத்து சொல்ற வரைக்கும் வண்டி நவுரக் கூடாதுன்னு வூட்டுக்காரி சாவியப் புடிச்சிகினு கீறா. நானும் பத்து வாட்டி ‘விடு’ன்னு சொல்லிட்டேன். இதுக்கு மட்டும் விட மாட்றா.”