மெத்தையைச் சுருட்டிவிட்டு ஓர் அஞ்சலி

மேடையில் வீற்றிருக்கும் சங்கத் தலைவர் அவர்களே, செயலாளர் அவர்களே, மாலையும் கையுமாக போட்டோக்காரரைத் தேடிக்கொண்டிருக்கும் பெரியோர்களே, கீழே அமர்ந்திருக்கும் பெற்றோர்களே, கடைசி வரிசையில் பயிற்சி உடையோடு வந்திருக்கும் நான்கு தங்கைகளே! தங்கைகளுக்கு மட்டும் என் வணக்கம்.

நான் பேச்சாளர் இல்லை. பார்வையற்றோருக்கான பாரா ஜூடோவில் இரண்டு முறை உலகச் சாம்பியனான நம் அக்காவுக்குப் பதினாறு வருடம் பயிற்சித் துணையாக இருந்தவள். அதாவது, தினமும் அவர் கையால் தரையில் விழுந்தவள். எனக்குக் கண் தெரியும் என்ற திமிர் முதல் நாள், மூன்றாவது நிமிடத்தில் போய்விட்டது. இங்கே சிலருக்கு இன்னும் போகவில்லை.

சற்று முன் செயலாளர் சொன்னார், "அவரைக் கண்டெடுத்ததே நான்தான்" என்று. ஆகா! எப்படிக் கண்டெடுத்தார் என்று நான் சொல்லட்டுமா?

பார்வையற்றோர் ஜூடோவில் ஆட்டம் தொடங்கும் முன்பே இருவரும் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்திருக்க வேண்டும். அதுதான் விதி. அக்காவின் முதல் தேர்வுப் போட்டியில் நம் செயலாளர் அவரை ஒரு மூலையிலும், ஓரளவு பார்வையுள்ள எதிராளியை எதிர் மூலையிலும் நிறுத்தினார். விதி தெரியாது. சொன்னால் கேட்கவும் தெரியாது. "எல்லாருக்கும் ஒரே ரூல்தாம்மா, சலுகையெல்லாம் கேக்காதே!" என்றார்.

அக்கா அழுதாரா? கெஞ்சினாரா? அசையாமல் நின்றார். அந்தப் பெண் சுற்றிச் சுற்றி வந்தாள். எவ்வளவு நேரம்தான் சுற்றுவாள்? கடைசியில் சட்டையைப் பிடித்தாள். பிடித்த மறுகணம் மல்லாந்து கிடந்தாள்!

"என்னைத் தொடாம எப்படிடி தள்ளுவா?" என்று என்னிடம் வந்து சிரித்தார் அக்கா. "அது கெடக்கட்டும், செயலாளர் மூஞ்சி எப்படி இருக்கு? பாத்துச் சொல்லு."

"இஞ்சி தின்ன மாதிரி இருக்குக்கா."

மறுநாள் செய்தித்தாளில் யார் படம் வந்தது? செயலாளர் படம்தான் வந்தது.

சரி, அது பழைய கதை. நாம் இப்போது உட்கார்ந்திருக்கும் இந்த அறை எது? அக்காவின் பயிற்சி அறை. மெத்தைகள் எங்கே? மாடிப்படிக்குக் கீழே சுருட்டிக் கிடக்கின்றன. இரங்கல் கூட்டத்துக்கு நாற்காலி போட வேண்டுமாம்! நாளை முதல் இது சங்கத்தின் ஆலோசனை அறையாம்! வாசலில் அக்கா பெயரில் பளிங்குப் பலகையாம்! அடுத்த வாரம் தேர்வுப் போட்டிக்குப் போக வேண்டிய அக்காவின் மாணவிகள் இந்த நால்வரும் எங்கே விழுந்து எழுவார்கள்? உங்கள் மேசை மேலா?

காலையில் தலைவரிடமே கேட்டேன். "இழவு நேரத்துல வந்து மெத்தையைப் பத்திப் பேசறியே, நெஞ்சுல ஈரமே இல்லையா உனக்கு?" என்றார். இருக்கிறது, ஐயா. அக்கா மாரடைப்பில் போய் ஒன்பது நாள் ஆகிறது. நான் அழாத நாள் ஒன்றுகூட இல்லை. உங்கள் முன்னால் அழ எனக்கு மனமில்லை, அவ்வளவுதான்.

அக்காவின் இடத்துக்கு இனி யார் என்று கேட்கிறார்கள். நான் சாம்பியன் இல்லை. ஆனால் எனக்கு விழத் தெரியும். இந்த நால்வரும் தூக்கி எறிய ஓர் ஆள் வேண்டும்; தினமும் மாலை ஐந்து மணிக்கு நான் வருவேன். இதுவே என் உறுதிமொழி.

அடுத்தது மௌன அஞ்சலி என்று நிகழ்ச்சி நிரலில் போட்டிருக்கிறது. பெரியோர்களே, எழுந்து நில்லுங்கள். மேடையில் இருப்பவர்களும்தான். எல்லோரும் எழுந்தாயிற்றா? நன்றி. இனி அவரவர் நாற்காலியை அவரவரே தூக்கிக்கொண்டு வெளியே போங்கள்.

தங்கைகளே, வாருங்கள், மெத்தையை விரிப்போம். மணி ஐந்தாகிவிட்டது.