ஷேர் ஆட்டோவில் வந்த நட்சத்திரம்

"நம்ம நட்சத்திரம் ஆம்புலன்ஸ் மாதிரி மின்னுதுடி" என்றாள் அக்கா.

ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் போகும் ஷேர் ஆட்டோ. எனக்கு எதிரே அக்காவும் தங்கையும். தங்கை செய்த கிறிஸ்துமஸ் நட்சத்திரம், பேட்டரியோடு அக்காவின் மடியில் படபடவென்று மின்னிக்கொண்டிருந்தது.

"சாயங்காலம் ஃபாதர் நம்ம தெரு குடில் பாக்க வராரு. மாட்டுக் கொட்டாய், கொயந்த ஏசு எல்லாம் வெச்சாச்சு, நட்சத்திரந்தான் பாக்கி. போன வருசம் பக்கத்துத் தெருவுக்குத்தான் பரிசு போச்சு. இந்த தபாவும் மானம் போவப் போவுது."

"கெப்பாசிட்டர் சின்னதா போட்டுட்டேன்க்கா. அது குடம் மாதிரி, ரெசிஸ்டர் குழாய் மாதிரி. சின்ன குடம் சட்டுனு ரொம்பிடுது, லைட்டும் சட்டு சட்டுனு மாறுது."

"அப்ப குழாய சின்னதாக்கு."

"ரெசிஸ்டர கூட்டுனா அப்டித்தான் ஆவும். ஆனா பழச எடுத்துட்டு ஈயம் வெச்சு பத்த வெக்கணும், ஆட்டோல முடியாது. பக்கத்துல இன்னொரு குடம் வெக்கிறேன், ஆடாம புடி."

தங்கை பையிலிருந்து வேறொரு கெப்பாசிட்டரை எடுத்து, பழையதன் கம்பிகளோடு சேர்த்து முறுக்கினாள். நட்சத்திரம் நிதானமாக எரிந்தது, அணைந்தது, மறுபடி எரிந்தது.

"இன்னும் மெதுவா வெக்கட்டாக்கா?"

அக்கா வாய் திறக்குமுன், மீன் கூடையோடு உட்கார்ந்திருந்த ஒரு பெண்மணி சொன்னார்: "அப்டியே வுடும்மா. இப்பதான் அந்த மாட்டுக் கொட்டாயில கொயந்த தூங்கும்."