கெட்டதையும் எழுதி அனுப்புனவ

திருத்தணியில ரயிலேறி ஜன்னலாண்ட ஒக்காந்தேன். எனுக்கு காத்தும் வேணும், கையில வடையும் வேணும். எதிர்ல ஒரு சின்ன வயசு புருஷன் பொண்டாட்டி. தறிக்காரங்க நெய்யிற லுங்கிய நேரா கடைங்களுக்கு விக்கறதுக்கு அந்தப் பொண்ணு போன்ல என்னமோ கம்பெனி நடத்துறாளாம். அதுல பணம் போடச்சொல்லி மெட்ராஸ்ல ஒருத்தரக் கேக்கப் போறா.

"போன வருசம் முடியாதுன்னவரு இப்ப ஏன் கூப்புட்டாரு?"

"மாசாமாசம் அவருக்கு எழுதி அனுப்புனேன், பாவா. நல்லது கெட்டது ரெண்டும்."

"கெட்டதுன்னா?"

"சாயம் போயி லுங்கிங்க திரும்பி வந்தது. கடைக்காரங்க நம்மள வுட்டுட்டுப் போனது."

"அடிப்பாவி! அதெல்லாம் சொன்னா எவன் பணம் போடுவான்?"

"பொண்ணு பாக்க வந்த அன்னிக்கே, 'நான் கொறட்ட வுடுவேன்'னு நீ சொல்லல? நான் கட்டிக்கினேனே."

எனுக்கு வந்த சிரிப்புல வடை தொண்டையிலயே நின்னுக்கிச்சு. அவனுக்குக் காதெல்லாம் செவந்துபோச்சு.

அரக்கோணம் தாண்டுனதும் அவ கொரல் எறங்கிடுச்சு.

"இந்த வாட்டியும் வேணாம்னுட்டா கம்பெனிய மூடிட வேண்டியதுதான். நீயும் உள்ள வர்றியா, பாவா?"

அவன் அவ கையப் புடிச்சுக்கினான்.

"நீயே பேசு. நான் வெளிய ஒக்காந்துகினு இருக்கேன். தூங்க மாட்டேன். தூங்குனா சத்தம் உள்ள கேக்கும்."