பின்கட்டுக்கு எட்டாத சிக்னல்

ரவுட்டர் வாங்குகிறவர்கள் செய்யும் முதல் தவறு, அதை டிவிக்குப் பின்னால் ஒளித்து வைப்பது. உயரத்தில், வீட்டின் நடுவில், இரும்பு பீரோவிலிருந்து தள்ளி வைக்க வேண்டும். எங்கள் வீட்டில் கூடத்து மரத்தூணில் ஆணி அடித்து மாட்டியிருக்கிறேன். நீங்களும் பார்த்தீர்கள், ஸ்ரீவர்தன். பார்த்ததோடு நிற்காமல் அதன் அட்டைப்பெட்டியையும் திறந்திருக்கிறீர்கள். தங்கை ஸௌம்யாவின் துணிமணிகளை எடுக்க வந்தவருக்கு அந்தப் பெட்டியில் என்ன வேலை என்று நான் கேட்கப் போவதில்லை. அதில் கிடந்த சீட்டில் என் கையெழுத்தில் மூன்று எண்கள் எதற்கு என்று நேற்று போனில் கேட்டீர்கள். போனில் எனக்குக் கோர்வையாகச் சொல்ல வராது. அதனால் எழுதுகிறேன்.

2346, 2347, 100. கடையிலிருந்து வரும்போதே ரவுட்டருக்குள் இருக்கும் எண்கள். ஒன்று, தகவலை எவ்வளவு பெரிய துண்டுகளாக நறுக்கி அனுப்பலாம் என்பது. இன்னொன்று, அனுப்பும் முன் எப்போது வழி கேட்க வேண்டும் என்பது. மூன்றாவது, 'நான் இங்கே இருக்கிறேன்' என்று ரவுட்டர் எத்தனை இடைவெளிக்கு ஒருமுறை குரல் கொடுக்க வேண்டும் என்பது. இவையெல்லாம் அட்வான்ஸ்டு வயர்லெஸ் என்ற பக்கத்தில் இருக்கும். குடும்பஸ்தன் எவனும் அந்தப் பக்கத்துக்குப் போக வேண்டியதில்லை. நான் ஸௌம்யாவுக்காகப் போனேன். இதை நீங்கள் முதலில் மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

சின்ன காஞ்சிபுரத்து வீடுகள் ரயில் பெட்டி மாதிரி நீளம். எங்கள் வீட்டில் மாதத்தில் மூன்று நாள் அவள் பின்கட்டு அறையில்தான் இருக்க வேண்டும். அது அம்மாவின் ஆசாரம். யாரும் அவளைத் தொடக்கூடாது, கையிலிருந்து கைக்கு எதுவும் கொடுக்கக்கூடாது, தட்டைத் தரையில் வைத்தால் எடுத்துக்கொள்வாள். அவள் கல்யாணமாகி வந்த புதிதில் உங்களுக்கு இது பிடிக்கவில்லை என்று தெரியும். அவள் முகம் சுளிக்கவில்லை. "மூணு நாள் தளிகை பண்ண வேண்டாம், எனக்கு லீவுன்னா" என்று சிரிப்பாள்.

ஆனால் அவள் வேலைக்கு லீவு கிடையாது. அமெரிக்க டாக்டர்கள் பேசிப் பதிவு செய்து அனுப்புவதை ஹெட்போனில் கேட்டு டைப் அடிக்கும் வேலை. காலடியில் ஒரு பெடல். விரலால் மிதித்தால் குரல் ஓடும், குதிகாலால் மிதித்தால் பின்னால் போகும். முடித்த கோப்பைச் சொன்ன நேரத்துக்குள் நெட்டில் அனுப்பியாக வேண்டும். கூடத்தில் சிக்னல் உண்டு, பின்கட்டுக்கு எட்டாது. நடுவில் ஒன்றரை அடிச் சுவர்கள் மூன்று.

பஸ் ஸ்டாண்டு அருகில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் முஜீப்பிடம் போனேன். பெரிய ஆன்டெனா ஒன்று கொடுத்தான், அந்தப் பக்கத்தைத் திறக்கவும் காட்டிக்கொடுத்தான். "எத மாத்துனாலும் பழைய நம்பர எழுதி வெச்சுக்கங்கண்ணே. இல்லாட்டி அப்புறம் என்னைத்தான் தேடிக்கினு வருவீங்க" என்றான். அதுதான் நீங்கள் பார்த்த சீட்டு. அன்று சிக்னல் பின்கட்டை எட்டியது. ஸௌம்யா வாசற்படிக்கு அந்தப் பக்கம் நின்று, "சுவரைத் தாண்டி வந்து என்னைத் தொடறதே, இதுக்கு மட்டும் தீட்டு இல்லையா?" என்றாள். நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்த நாள் வேறு இல்லை.

2009 ஜனவரியில் ஸ்ரீபெரும்புதூர் கம்பெனியில் எங்கள் ஷிஃப்டையே எடுத்துவிட்டார்கள். அவள் ஒரு வார்த்தை குத்திக் காட்டவில்லை. "நான் பாத்துக்கறேன், நீங்க கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுங்கோ" என்றாள். நான் ரெஸ்ட் எடுத்தேன். பதினோரு வருடம் ஆறு மணி பஸ்ஸுக்கு ஓடியவன், பகல் பூராவும் கூடத்தில் உட்கார்ந்து அவள் டைப் அடிக்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். யாருக்கும் என்னிடம் எந்தக் காரியமும் இல்லை. அம்மா கூட மருந்துச் சீட்டை அவளிடம்தான் நீட்டினாள்.

மார்ச்சில் ஒரு நாள் கரண்டு போய் வந்தது. ரவுட்டர் பாஸ்வேர்டு உட்பட எல்லாவற்றையும் மறந்துவிட்டு எழுந்தது. பின்கட்டிலிருந்து, "ஏன்னா, கொஞ்சம் வாங்கோளேன்" என்று ஸௌம்யா கூப்பிட்டாள். போய்ச் சரி செய்தேன். "நீங்க மட்டும் இல்லேன்னா என் வேலை போயிடும்" என்றாள். அன்று நான் இரண்டு தடவை சாதம் போட்டுக்கொண்டேன்.

சத்தமில்லை என்று மற்ற நாட்களிலும் அவள் பின்கட்டிலேயே டைப் அடிக்க ஆரம்பித்திருந்தாள். மறு வாரம் நானே ஓர் எண்ணை மாற்றினேன். 2346 இருந்த இடத்தில் 256. வேகத்தையும் இருப்பதிலேயே குறைந்ததில் வைத்தேன். அதில் ஒரு நேர்த்தி உண்டு. கம்ப்யூட்டரில் சிக்னலின் நான்கு கோடுகளும் முழுதாக நிற்கும், ஆனால் கோப்பு ஆமையாய் நகரும், பாதியில் அறுந்துபோகும். அவள் கூப்பிட்டாள். போனேன். பழைய எண்ணைப் போட்டேன். என்னைப் பார்த்துச் சிரித்தாள். இதில் யாருக்கு என்ன நஷ்டம் சொல்லுங்கள்.

ஏப்ரலில் அவளுக்குச் சென்னை ஆபீஸில் டீம் லீடர் வேலை தருவதாக மெயில் வந்தது. ஜூனில் சேர வேண்டும். "ரெண்டு பேரும் போயிடலாம், அம்மாவையும் அழைச்சிண்டு போலாம்" என்றாள். உங்களுக்குத்தான் முதலில் போன் செய்தாள். அந்த வாரம் கோயிலில் தூரத்து உறவினர் ஒருவர் என்னை இன்னொருவரிடம் "இவர்தான் ஸௌம்யா ஆத்துக்காரர்" என்று சொல்லி அறிமுகப்படுத்தினார். எனக்கு வயிறு எரிந்தது. அதை மறைக்கவில்லை. ஆனால் பொறாமையால் செய்தேன் என்று நீங்கள் முடிவு கட்டினால் அது தவறு. சென்னை ஆபீஸில் ரவுட்டரைப் பார்த்துக்கொள்ள ஆட்கள் இருப்பார்கள். அங்கே அவள் யாரைக் கூப்பிடுவாள்?

அதற்குப் பிறகு கொஞ்சம் அதிகமாகிவிட்டது. மற்ற இரண்டு எண்களிலும் கை வைத்தேன். என் கம்ப்யூட்டர் கூடத்தில் ஒயர் வழியாக ஓடியதால் அதில் எந்தக் குறையும் தெரியாது. அவள் கோப்பை அனுப்பிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போவாள். நான் இங்கே சேவ் என்பதை அழுத்துவேன். ரவுட்டர் ஒரு நிமிடம் அணைந்து எழும். அனுப்ப முடியவில்லை என்று அவள் திரையில் ஒரு பெட்டி வந்து நிற்கும். போய் ஓகே அழுத்தி அதை மூடுவேன். அதற்கு மேல் எதுவும் செய்ததில்லை. கோப்பை அழித்ததில்லை, அவள் எழுதியதில் ஓர் எழுத்தைக் கூடத் தொட்டதில்லை.

கம்பெனியிலிருந்து கோப்பு வரவில்லை என்று போன் வரும். அனுப்பினேன் என்பாள். வரவில்லை என்பார்கள். மூன்றாவது தடவை என்னிடம் வந்தாள். "ஏன்னா, நான் அனுப்பினேனா இல்லையா? நீங்க இங்கதானே இருந்தேள், பாத்தேளா?"

நான் பார்க்கவில்லை என்றேன். அந்த ஒரு பதில்தான் இன்றைக்கும் எனக்கு உறுத்துகிறது. ஆனால் வேறு என்ன சொல்லியிருக்க முடியும்?

என்னிடம் சொல்லாமல் ஒரு நாள் முஜீப்பை வரவழைத்தாள். அவன் வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் எண்களைப் பழையபடி வைத்துவிட்டேன். அரை மணி நேரம் தடவிப் பார்த்துவிட்டு, "எல்லாம் கரெக்டா இருக்குதும்மா. சிக்னல் ஃபுல்லா வந்துக்கினு இருக்குது. அண்ணன் நல்லாத்தான் செட் பண்ணிக்கிறாரு" என்றான். அவள் என்னிடம் மன்னிப்புக் கேட்டாள். அன்றிலிருந்து ரவுட்டரைச் சந்தேகப்படுவதை விட்டுவிட்டாள், தன்னைச் சந்தேகப்பட ஆரம்பித்தாள். அனுப்பியதைச் சீட்டில் எழுதுவாள், எழுதினோமா என்று மறுபடி பார்ப்பாள். டாக்டர் சொல்லாத வார்த்தை காதில் விழுகிறது என்பாள். ஒரே வரியைக் குதிகாலால் இருபது தடவை பின்னால் ஓட்டிக் கேட்பாள்.

அப்போதுதான் அம்மா சொன்னாள், "தூரமா இருக்கற நாள்ல மிஷினைத் தொட்டா பெருமாளுக்கே அடுக்காதுடீ." அம்மா அப்படித்தான் பேசுவாள், அதில் விஷமம் கிடையாது. ஆனால் ஸௌம்யா அதைப் பிடித்துக்கொண்டாள். அன்று சிக்னலுக்குத் தீட்டு இல்லையா என்று சிரித்துக்கொண்டு கேட்டவள்தான் என்னிடம் வந்து, "சுவரைத் தாண்டி வர்றதுக்கும் தீட்டு உண்டு போலிருக்குன்னா" என்றாள். சிரிக்கவில்லை.

அந்த நேரத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம் என்பீர்கள். சொன்னால் அவள் எழுந்து சென்னைக்குப் போயிருப்பாள். நான் இந்தக் கூடத்தில் உட்கார்ந்திருப்பேன்.

மே கடைசியில் அவளை வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஆனி மாதம் மூன்று நாள் பின்கட்டுக்குப் போனவள் நான்காம் நாள் ஸ்நானம் பண்ணிவிட்டு உள்ளே வரவில்லை. "இன்னும் சரியாகலை" என்றாள். ஐந்தாம் நாளும் அதையே சொன்னாள். நாற்பத்தொரு நாள் அந்த அறையில் இருந்தாள். அம்மா கூப்பிட்டும் வரவில்லை. நான் தட்டை வாசற்படியில் வைத்துவிட்டு நகர்ந்த பிறகுதான் எடுப்பாள். நானே கையை நீட்டினால் சுவரோடு ஒட்டிக்கொண்டு, "தொடாதீங்கோ, உங்களுக்கும் வந்துடும்" என்பாள். உங்களுக்குப் போன் செய்து வரச் சொன்னவன் நான்தான் என்பதை மறந்துவிடாதீர்கள்.

அந்த நாற்பத்தொரு நாளும் அவளை நான் ஒருவன்தான் பார்த்துக்கொண்டேன். காலையில் வெந்நீர், இரண்டு வேளை சாப்பாடு, மாலையில் பால். தெருவில் எல்லோரும் அசந்துபோனார்கள். இந்தக் காலத்தில் இப்படி ஒரு புருஷனா என்று அம்மாவிடம் கேட்டார்களாம்.

கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொல்லிவிடுகிறேன். மாற்றியது நான்தான். இருபத்து மூன்று தடவை. தெரிந்துதான் செய்தேன். ஒவ்வொரு தடவையும் இதுதான் கடைசி என்று நினைத்தேன்.

உங்கள் வீட்டில் யார் பேசினாலும் அவளுடைய வலது குதிகால் தரையை அழுத்திக்கொண்டே இருக்கிறது என்றீர்கள். டாக்டருக்கும் புரியவில்லை என்றீர்கள். எனக்குப் புரிகிறது. அவள் பின்னால் ஓட்டிப் பார்க்கிறாள். யாராவது சொன்னதை மறுபடி சொன்னால் கால் நின்றுவிடும். பொறுமையாகச் சொல்ல வேண்டும். இதெல்லாம் உங்களுக்குத் தெரியாது, எனக்குத்தான் தெரியும். அதனால்தான் அவள் என்னோடு இருப்பது நல்லது என்கிறேன்.

நேற்று மூன்று எண்களையும் பழையபடி வைத்துவிட்டேன். பின்கட்டில் நான்கு கோடுகளும் முழுதாக வருகின்றன. அவளை அழைத்து வாருங்கள், இனி இங்கே ஒரு தொந்தரவும் இருக்காது. கம்ப்யூட்டரை மட்டும் கொண்டுவர வேண்டாம், அது அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை.