நைனா, விடு

டீய ஆற வுடாத பூமிகா, குட்ச்சிக்கினே கேளு. அந்த போன இப்டி நகத்தி வையி, என் கொரலு சில நேரம் உள்ள பூடும். ரெக்கார்டு ஓடுதா? ஆங், ஓடட்டும். என் ஊட்டுக்காரி ஜபீனு மாவு மில்லுக்குப் போய்க்கிறா, வர அர மணி நேரம் ஆவும். அதுக்குள்ள பேசிடலாம்.

நீ காலேஜுக்கு எய்தின ஆராய்ச்சிய ரெண்டு தபா பட்ச்சேன். உங்கப்பன் பாக்கியராஜ் இருந்தான்னா சிப்காட்டு பூரா காட்டிக்கினு சுத்தியிருப்பான். அத்திப்பட்டு எட்வர்ட்ட பத்தி இம்மாம் சமாச்சாரம் எனுக்கே தெரியாது. இஸ்கோல் வாத்தியாரா இருந்துக்கினே இருவத்திரெண்டு விஞ்ஞான நாவலு! கடலு தண்ணிய குடிக்கிற தண்ணியா மாத்தற கதைய அவரு எய்தினப்ப மீஞ்சூர் ஜனம் சிர்ச்சிதாம். இப்ப அதே மீஞ்சூர்ல அந்த பாக்டரியே ஓடுது... ஆமா, அத்தயும் எய்திக்கிற, பாத்தேன்.

எனுக்கு அவர் பொஸ்தகத்த குட்த்ததே உங்கப்பன்தான். கேன்டீன்ல துன்னுக்கினே படிப்பான். சாம்பார் கறையோட என் கைல வரும். ஆமா, இரும்பு நைனா. அதான் மொத பொஸ்தகம். அதுல ஊட்டுக்காரங்கோ அந்த ரோபோவ நைனா நைனான்னுதான் கூப்டுவாங்கோ. அதும் சொன்ன வேலைய செஞ்சிக்கினே கெடக்கும். கடைசில ஒருநாளு யாரும் பட்டன தொடாமயே எய்ந்து நிக்கும். அப்பால இன்னா ஆச்சுன்னு அவரு சொல்ல மாட்டாரு, அங்கியே முட்ச்சிடுவாரு. அந்த எடம் வந்தா எனுக்கு முதுவு சில்லுன்னு ஆயிடும்.

அப்பால பாக்டரில நம்ம லைனுக்கு வெல்டிங் ரோபோ வந்திச்சி. மஞ்ச கலரு, ஒத்த கையி. உங்கப்பன் சாக்பீஸ எட்த்துக்கினு போயி அது மேல நைனான்னு எய்திட்டான். அன்னிலேர்ந்து ஷாப்புல அதான் பாஷ. நைனாவ விடுன்னா ஓட்டு. நைனாவ புடின்னா நிறுத்து. புதுசா வந்த இஞ்சினீரு கூட ஒரே வாரத்துல அப்டித்தான் பேசனாரு. இத்த நீ எய்தல. ஒனக்கு எப்டித் தெரியும், நாங்க சொன்னாத்தானே.

அவனும் எல்லாரயும் நைனான்னுதானே கூப்டுவான்? ஆந்திரா பார்டர்ல கீற எளாவூர்க்காரன் வாயில அத்த தவிர இன்னா வரும். மேனேஜர பாத்தாலும் நைனா, வாச்மேன பாத்தாலும் நைனா. டீ கொண்டார்ற ஆரோக்கியமேரி மட்டும்தான் அக்கா. நீயும் சிரிக்கிற பாரு.

இல்லமா, ஒடம்புக்கு ஒண்ணுமில்ல. அஞ்சு வருசமா இப்டித்தான். பஜார்ல எவனாச்சும் நைனா, வழி விடுன்னா போதும், எனுக்குக் காலு அங்கியே நின்னுடும். வண்டிக்காரன் திட்டிக்கினு சுத்திக்கினு போவான். வேலயயும் அதனாலதான் வுட்டேன். ஜபீனு கிட்ட மூட்டுவலின்னு சொல்லி வச்சிக்கிறேன்.

உங்கப்பன் செத்ததுக்கு நடந்த என்கொயரில மெசினு தானா ஓடிச்சு சார்னு சொன்னது நான்தான். வொயரு கோளாறுன்னு எய்தி முட்ச்சிட்டாங்கோ. அப்பால பேப்பர்ல வந்திச்சி, அம்பது வருசம் முன்ன எட்வர்ட் எய்தினது கும்மிடிப்பூண்டில பலிச்சிச்சுன்னு. எல்லாரும் மறந்துட்ட மனுசன் பொஸ்தகத்த திருப்பி அச்சடிச்சாங்கோ. உன் காலேஜ்ல பாடமா வச்சாங்கோ. நீயும் அத்தயே எட்த்துப் பட்ச்ச. உன் கடைசி அத்தியாயம் பூரா அதான கீது, எங்கப்பாவ கொன்ன மெசின அவரு முன்னாடியே பாத்துட்டாருன்னு.

அந்த அத்தியாயத்த எட்த்துடு பூமிகா.

எட்த்துடுமா. காரணம் சொல்லத்தான வரச் சொன்னேன்.

அது பஸ்ட் ஷிப்ட்டு. நாஷ்டா துன்னுட்டு வந்து நின்னோம். ரோபோவ சுத்தி கம்பி வேலி. உள்ள போறவன் பேனல் சாவிய கழட்டி ஜோப்புல போட்டுக்கினு போணும், சாவி இல்லன்னா அது அசையாது. அன்னிக்கி உள்ள வெல்டு அடிக்கிற ஜாப்பு கோணிக்கிச்சி, நேராக்க ஒரு நிமிசம்தான நைனான்னு சாவிய வுட்டுட்டே பூந்துட்டான். நானும் தடுக்கல. பேனல் கிட்ட நான்தான் நிக்கிறேன். கம்ப்ரஸரு சத்தம். ஜாப்பு மறப்புல அவன் தெரியல. நான் வந்து புடிக்கட்டா பாக்கியான்னு கத்தினேன். லைனு அந்தக் கோடிலேர்ந்து சூப்பர்வைசரு எம்மா நேரம் சஹாபுதீன்னு கத்தறாரு. நான் அந்தப் பக்கம் திரும்பினேன். அப்பதான் உள்ளேர்ந்து அவன் கொரலு வந்திச்சி.

நைனாவ விடுன்னு என் காதுல வுயிந்திச்சி. வெளிய வந்துட்டான், ஓட்டச் சொல்றான்னு நெனச்சேன். அவன் சொன்னது நைனா, விடு. ஒரே ஒரு எய்த்து. நான் கேட்டதுக்கு பதிலு சொல்லிக்கிறான், நீ வராத, நானே பாத்துக்கறேன்னு. அது எனுக்கு வெளங்கறதுக்குள்ள என் வெரலு பச்ச பட்டன்ல கீது.

மெசினு தானா ஓடலமா. எட்வர்ட் சொன்ன பொய்யி கத. நான் சொன்னது வெறும் பொய்யி. என் வாயில அன்னிக்கி வேற வார்த்தயே வர்ல, அவரு எய்தினதுதான் ரெடியா இருந்திச்சி.

உங்கப்பன் நைனான்னு கூப்ட்டது அந்த மெசின இல்ல, என்னத்தான்.

வேணாம், போன அணைக்காத. உங்கம்மாவும் கேக்கட்டும்.